சம்மனசின் செட்டை

1975 வசந்தத்தில் ரொறொன்ரோவின் ரெக்ஸ்டேல் நூலகத்திலிருந்து ஃபுளோரன்ஸ் நகரத்துக்கான மூன்று பயண வழிகாட்டி நூல்களை இரவல் எடுத்துவந்தேன். கனடாவுக்கு வந்தபின் முதல்முறையாக யாழ்ப்பாணம் போகவிருந்தோம். வழியில் ரோமில் இரண்டு நாள் இறங்கிப் போகலாம் என்றிருந்தது. அதில் ஒரு பகலை ஃபுளோரன்ஸுக்கு ஒதுக்கினோம்.

அது என் மனைவியின் விருப்பம். ஊரில் அவள் சித்திர ஆசிரியை. அவள் படிப்பித்த பாடநூலில், மரியாளுக்கு முன்னால் சம்மனசு என்கிற சிறகுள்ள தேவதூதர் ஒருவர் முழங்கால் மடிக்கும் பழைய சுவரோவியம் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்தது. சிறகில் பட்டை பட்டையாகச் சாம்பல். "ரீச்சர், செட்டை என்ன நிறம்?" என்று வருடாவருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். பதில் தெரியாமலே வேலையை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள்.

எந்தப் புத்தகத்தையும் நான் பதிப்பாண்டிலிருந்துதான் தொடங்குவேன். ஒன்று, ஆறு பெருகி ஃபுளோரன்ஸை மூழ்கடித்த 1966 நவம்பர் வெள்ளத்துக்கு முந்தியது. மற்ற இரண்டும் பிந்தியவை. ஓவியம் ஒரு பழைய மடத்தின் மாடிப்படி ஏறியதும் மேல்தளத்தில் இருந்தது. ஆற்றுநீர் அந்த உயரத்துக்குப் போயிருக்காது என்று மனைவிக்குத் தைரியம் சொன்னேன். நிறத்தைப் பற்றி மூன்றும் வாய் திறக்கவில்லை. படங்களும் கறுப்பு வெள்ளைதான்.

எதிர்வீட்டில் ஓர் இத்தாலியப் பெண்மணி இருந்தாள். அவளைக் கேட்கலாமென்று மனைவி போனாள்.

"நான் தெற்கில் பிறந்து, நேப்பிள்ஸில் கப்பலேறி இங்கே வந்தவள். ஃபுளோரன்ஸை உன்னைப்போல நானும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்" என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாளாம். "ஒன்று சொல்கிறேன். எங்கள் நாட்டில் மத்தியானத்தோடு கதவுகளைச் சாத்திவிடுவார்கள்."

அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, போகவேண்டிய வழியைப் பென்சிலால் வரைந்தேன். முந்தின இரவே போய் நாங்கள் தங்கப்போகும் விடுதி ஊரின் கிழக்கே. பெரிய தேவாலயம் நடுவில். மடம் வடக்கே. மனைவி தேநீரோடு வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, மூண்டு புத்தகமும் வடக்காலை போகச் சொல்லுது. நீங்கள் ஏன் தெற்காலை துவங்கிறியள்?"

"இதுதானே சரியான பக்கம்?"

"ஆருக்குச் சரி?"

பென்சில் நின்றது. மூன்று நூல்களும் தேவாலயத்தை இடக்கைப் பக்கம் விட்டுச் சுற்றச் சொல்லின. அதை நூலாசிரியர்களின் கவனக்குறைவென்று எண்ணி, கேள்வியே இல்லாமல் திருத்தியிருக்கிறேன். நல்லூர் முருகன் கோயில் வீதியை வலம் சுற்றிப் பழகிய கை, கோபுரம் எதுவானாலும் அதை வலப்பக்கம் வைத்தே கோடு போட்டது.

"உந்தக் கோயிலுக்குள்ளை இருக்கிறது முருகனில்லை" என்றாள் அவள். "உங்கட வழியாலை போனால் மடத்துக்குக் கடைசியாத்தான் போவம். அது எத்தினை மணிக்குப் பூட்டுது?"

புதிய நூலைப் புரட்டினேன். "ரெண்டு மணி. பிறகு திறக்கமாட்டினமாம்."

"ஓம். நீங்கள் வலம் வந்து முடிக்க, சம்மனசு படுத்திடும்."

அழித்துவிட்டு மறுபக்கமாக வரைந்தேன். பாதி தூரம்வரை கைக்கு அது பிடிக்கவில்லை.

ஃபுளோரன்ஸில் காலையில் முதலில் மடத்துக்கே போனோம். படியேறியதும் அவள் நின்றுவிட்டாள். இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டை பட்டையாகச் சிறகு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் கிட்டப் போனாள், தள்ளி வந்தாள், மறுபடி கிட்டப் போனாள். கீழே வண்ண அஞ்சலட்டைகள் விற்றார்கள். சில வாங்கினாள்.

"உது பிழை. பச்சை கூடிப்போச்சு" என்றாள் அட்டையைப் பார்த்து, வாசலைத் தாண்டுமுன்பே.

யாழ்ப்பாணத்தில் ஒன்றைத் தன் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாள், எது பிழையென்று பின்பக்கத்தில் எழுதி. ரொறொன்ரோ திரும்பியதும் எதிர்வீட்டுப் பெண்மணி தனக்கும் ஒன்று கேட்டாள். கொடுப்பதற்கு முன் மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வண்ணம் தொட்ட ஈரத் தூரிகையால் பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள்.