உடையப்பனின் கண்ணும் இருட்டில் கிடந்த மூளையும்

"தராசு பொய் சொல்லும்யா. என் கண்ணு சொல்லாது. ஆட்ட நிக்க வச்சு ஒருதரம் பாத்தேன்னா கறி எத்தன கிலோன்னு சொல்லிருவேன்." அய்யலூர் ஆட்டுச் சந்தையில் உடையப்பன் வியாழன்தோறும் வெளியிட்ட அறிக்கை இது. மறுத்தவர் யாருமில்லை, கேட்டவரும் அதிகமில்லை.

மற்ற தரகர்கள் ஆட்டின் இடுப்பைப் பிடித்துப் பார்ப்பார்கள், தூக்கிப் பார்ப்பார்கள். உடையப்பன் தொடமாட்டார். கையை வைப்பது கண்ணை அவமதிப்பது என்பது அவர் கொள்கை. இந்தக் கொள்கையால் அவருக்குச் சட்டை அழுக்காகாமல் இருந்தது. வேறு பலன் இருந்ததாகத் தகவல் இல்லை.

1997இல் அவர் தங்கை ஆனந்தி தன் மகள் கீர்த்தனாவுக்குக் காது குத்த நாள் குறித்தாள். தாய்மாமன் சீராக இருபது கிலோ கறி தேறும் கிடாய் கொண்டுவருவதாக உடையப்பன் சொல்லிவிட்டார். ஆனந்தியின் புருஷன் வீட்டார் அந்த இருபதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஆனந்தி பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். நோட்டில் ஒரே அளவில் இரண்டு வட்டம் போட்டு, ஒன்றைச் சுற்றிக் குட்டி வட்டங்களும் மற்றதைச் சுற்றிப் பெரிய வட்டங்களும் வரைந்து நீட்டினாள்.

"நடுவுல இருக்கதுல எதுண்ணே பெருசு?"

உடையப்பன் குட்டிகளுக்கு நடுவே இருந்ததைத் தொட்டார். அவள் அளந்து காட்டினாள். ஸ்கேலில் கோளாறு என்றார்.

"கண்ணு வெளிச்சத்த வாங்கி உள்ள அனுப்புறதோட சரிண்ணே. பெருசா சிறுசான்னு மூளைதான் முடிவு பண்ணுது. பக்கத்துல என்ன நிக்குதுன்னு பாத்துத்தான் முடிவு பண்ணும். அத ஏமாத்திரலாம். எதுக்கும் தூக்கிப் பாத்து வாங்கு."

"மூளை மண்டைக்குள்ள இருட்டுல கெடக்கு. அது ஆட்டக் கண்டுச்சா, குட்டியக் கண்டுச்சா? வாசல்ல நிக்கிற கண்ண விட்டுப்புட்டு உள்ள படுத்துக் கெடக்கவன்ட்ட போயி கேக்கச் சொல்றியேத்தா."

அறிவியல் அன்றோடு தோற்றது.

விசேஷத்துக்கு முந்தின வியாழனன்று பொன்னழகு என்கிற ஆட்டுக்காரர் ஒரு கறுப்புக் கிடாயை, பால்குடி மறந்த ஆறு குட்டிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார். பொன்னழகு பள்ளிக்கூடப் பக்கமே போனவரில்லை. அவருக்கு நோட்டு தேவைப்படவில்லை.

"தூக்கிப் பாருங்கண்ணே" என்றார், நல்ல பிள்ளையாக.

"எதுக்கு? இருபத்தொரு கிலோ நிக்கிது." சந்தை வழக்கப்படி துண்டுக்குள் கைவிட்டு, பொன்னழகின் விரலை அழுத்தி, விலையை முடித்துவிட்டார்.

தாடிக்கொம்பில் ஆனந்தி வீட்டுக் கொட்டகையில் ஜெர்சிப் பசுவுக்குப் பக்கத்தில் கட்டியபோது கிடாய் சிறுத்திருந்தது. வேனில் வந்த அலுப்பு என்றார் உடையப்பன். கறி வெட்ட அமர்த்தியிருந்த வீரன் வந்து, கொள்கை ஏதும் இல்லாதவராகையால், கிடாயை இரு கையால் தூக்கி இறக்கினார்.

"பதினொண்ணு தேறும். தாய்மாமன் கிடாய் எங்க நிக்கிது?"

"இதான்."

வீரன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். "சரி அப்பு. காலைல வாரேன்."

"அவுங்க வீட்டாளுக நாலு மணிக்குச் சீர் பாக்க வாராக" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆனந்தி வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கப் போனாள்.

மணி மூன்று. உடையப்பன் கிடாயைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு பசுவை அவிழ்த்துக் கொல்லைக்கு ஓட்டினார். பக்கத்து வீட்டு மூக்காயியிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ கேட்டு, ஐந்து ஆட்டுக்குட்டிகளை இரவல் வாங்கிவந்து கிடாயைச் சுற்றிக் கட்டினார். பத்தடி பின்னால் போய் நின்று செத்த நேரம் பார்த்தார். அப்புறம், அவற்றில் கொஞ்சம் வளர்ந்திருந்த குட்டியை மட்டும் அவிழ்த்து, மூக்காயி வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.