இடது தோள்

குமணன்சாவடியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. டயர் மாற்றுவதற்குள் சவரம் செய்துகொள்ளலாம் என்று எதிரே இருக்கும் சலூனில் உட்காருகிறேன். சவரம் முடிந்ததும் கடைக்காரர் நான் கேட்காமலேயே உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டுகிறார். "சூடு எறங்கும் சார், நல்லா தூக்கம் வரும்" என்கிறார். நெற்றிப்பொட்டை அழுத்துகிறார், விரல்களுக்குச் சொடக்கு எடுக்கிறார். வேலூரிலிருந்து குலுங்கி வந்த களைப்பெல்லாம் இறங்கி, கண் செருகுகிறது.

வலது தோளைப் பிசைந்தவர், இடது தோளைத் தொடாமலே துண்டை உதறுகிறார்.

"இந்தப் பக்கம்?" என்று கேட்கிறேன்.

"அத்த மட்டும் கேக்காதீங்க சார். பேக்டரில வேலை செய்றவரு ஒருத்தர், ஞாயித்துக்கெழமை தப்பாம வருவாரு. எடது தோள் வலிக்குதுன்னாரு. வாயுப் பிடிப்புதான்னு நானே சொல்லி, நல்லா அமுக்கி உட்டேன். 'வலி உட்டுப் போச்சுப்பா'ன்னு சிரிச்சிகினே போனாரு. ஊட்டுக்குப் போய் படுத்தவரு எந்திரிக்கல. ஆர்ட்டு அட்டாக்கு சார் அது. நான் டாக்டராண்ட அனுப்பிச்சிருக்கணும்."

நான் எழுந்துவிடுகிறேன். இன்று காலை என் மனைவியும் இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயு என்று சொல்லி, அவசரமாகத் தைலம் தேய்த்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தேன்.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் எங்கள் எதிர்வீட்டு நம்பரைப் போடுகிறேன். அவளைக் கூப்பிட ஆள் போகிறது. வெளியே டயர் மாற்றியாகிவிட்டது. கண்டக்டர் விசில் ஊதுகிறார். நான் அசையவில்லை.

"இதுக்கா போன் பண்ணீங்க? எனக்கு வலி விட்டுப் போச்சு" என்கிறாள், சிரித்துக்கொண்டே.