கல்வெட்டின் கடைசி வரி

ஓவர்சியர் அருளப்பன் காலமான செய்தியை வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும் நம் டெஸ்பாட்ச் கிளார்க்தான் சொன்னார். கும்மிடிப்பூண்டியில் முந்தின நாளே அடக்கம் முடிந்துவிட்டதாம். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை இனி யாரும் வெளியே சொல்லப்போவதில்லை என்ற நிம்மதி. அது வந்த வேகத்தைப் பார்த்து என் மேல் எனக்கே வெறுப்பாகிவிட்டது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில் நம் ஊர்ப் பூங்கா உருவானபோது அவர் மேற்பார்வையாளர். நான் மஸ்டர் ரோல் எழுதும் எழுத்தர். காலையில் கூலியாட்களின் பெயரைக் கூப்பிட்டு வருகை போடுவது என் வேலை. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலிருந்து வேறொருவர் வந்து அதே பெயரில் வேலை செய்வது அங்கே சகஜம். பெயர் விட்டுப்போனால் அடுத்த வாரம் எடுக்கமாட்டார்களோ என்ற பயம் அவர்களுக்கு. அருளப்பனுக்கு இது ஆகவே ஆகாது. "மூஞ்சியப் பாத்து பேரு எழுது வரதா. நாளைக்கு ஏதுனா ஒண்ணு ஆயிட்டா யாரத் தேடுவே?" என்று இரண்டு முறை எச்சரித்திருந்தார்.

அன்று கடம்பத்தூர் ஏழுமலைக்குப் பதில் தம்பி கன்னியப்பன் வந்திருந்தான். "அண்ணனுக்கு ஜொரம் சார். அவுரு பேர்லியே போட்டுக்கோங்க" என்றான். போட்டேன். மதியத்துக்கு முன்பே பூங்காக் கிணற்றில் மண் சரிந்து அவனை மூடிவிட்டது.

காரியம் முடிந்ததும் அவன் மனைவி முனியம்மா, செத்தவனுக்கு ஈடாகத் தனக்கு வேலை கேட்டு வந்தாள். மேலிடத்தில் மஸ்டரைப் புரட்டினார்கள். அதில் ஏழுமலை இருந்தான். அவனோ உயிரோடு வாசலில் நின்றான். கன்னியப்பன் என்று யாரும் எங்களிடம் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். "அப்போ எங்க ஊட்டுக்காரரு கெணத்துல இன்னா சார் பண்ணிக்கினு இருந்தாரு?" என்று என் மேஜை முன் நின்று கேட்டாள். நான் பேனாவுக்கு மை போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

திறப்பு விழா வந்தது. கல்வெட்டு வாசகத்தைப் படியெடுத்தவன் நான். அதில் பெரியவர்கள் பெயர் மட்டும்தான். அன்று காலை, துணி போர்த்திய கல்லுக்குப் பக்கத்தில் அருளப்பன் என்னை ஓரமாக அழைத்தார். "கடைசியா ஒரு வரி சேத்துட்டேன். கல்லுல எடம் இருந்துது" என்றார். துணியை விலக்கியதும் கல்வெட்டை முழுக்க உரக்கப் படிப்பது சிறப்பு விருந்தினரின் வழக்கம். அவரும் படித்தார். 'இப்பூங்காவின் கிணறு தோண்டுகையில் உயிர் நீத்த தொழிலாளி கன்னியப்பன் நினைவாகவும்' என்று மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. குடும்பத்தார் யாராவது வந்திருக்கிறார்களா என்றார். முனியம்மா கூட்டத்திலிருந்து எழுந்து நின்றாள். அவளை வரச் சொன்னதும் அருளப்பன்தான்.

தாங்கள் நட்ட கல்லே சொன்ன பிறகு அலுவலகத்தால் மறுக்க முடியவில்லை. அவளுக்கு அதே பூங்காவில் பெருக்கும் வேலை கிடைத்தது. அப்புறம் விசாரணை வந்தது. மஸ்டரில் பெயர் எப்படி மாறியது? கையெழுத்து என்னுடையது. "நான்தான் அப்புடி எழுதச் சொன்னேன்" என்றார் அருளப்பன். நான் வாயைத் திறக்கவில்லை. பதவி உயர்வை நிறுத்திவிட்டு அவரைக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாற்றினார்கள். புறப்பட்ட நாளில், "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்றேன். "உனுக்கு மூணு பொண்ணுங்க. நான் ஒண்டிக்கட்ட. பேஜாரு பண்ணாம போய் வேலையப் பாரு" என்றார்.

அதற்குப் பிறகு மேலிடத்துத் தபால் எது வந்தாலும் எனக்குப் பயம்தான். 'தன் தப்பைக் கழுவிக்கொள்ளத்தான் கல்லில் பெயர் வெட்டினார்' என்று நீங்கள் டீக்கடையில் அவரைப் பேசும்போதெல்லாம் நானும் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முறை தலைகூட ஆட்டினேன்.

எனக்கு இன்னும் நான்கு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்களோ, தெரியாது. அருளப்பன் அப்படி எழுதச் சொல்லவில்லை. எழுதாதே என்றவர் அவர், எழுதியவன் நான். அவரிடமிருந்து எனக்குத் திரும்பி வரவேண்டியது என் குற்றம் ஒன்றுதான். இத்தனை வருஷம் அதை அவர் சுமந்தார். இனி அது என்னிடம் இருக்கும்.