பதில் சொல்லாமல் இருந்த ஒரு தடவை

எனக்குப் பயணத் திட்டம் என்று ஒன்று கிடையாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். எந்த டவுன் பஸ் முதலில் நகர்கிறதோ அதில் ஏறிவிடுவேன். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்றான பிறகு வந்த பழக்கம் இது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சின்னப் பை, அதில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, அவ்வளவுதான். "எங்க போற?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "போனப்புறம்தான் தெரியும்" என்பேன். முதலில் முறைத்துப் பார்த்தார். இப்போதெல்லாம் "சாயங்காலம் வந்துடு" என்பதோடு சரி.

ஏன் இந்தக் கிறுக்கு என்றால், நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஆரம்பித்துவிடும். "அக்கா, இதுல ரெண்டு காப்பி." "அக்கா, இந்த ஃபாரத்த ரொப்பிக் குடுங்க." "அக்கா, ரேஷன் கார்டுல எங்க மாமியார் பேர தப்பா போட்டுட்டாங்க, இன்னா பண்றது?" எனக்கென்ன தெரியும், நானா போட்டேன்? மாதத்தில் ஒரே ஒரு பகல், யாரும் என்னைக் கூப்பிடாமல், எதையும் கேட்காமல், நான் பாட்டுக்கு இருக்க வேண்டும். அந்த ஒன்றுதான் ஆசை. ஒரு பொம்பளைக்கு அதுகூடவா பேராசை?

அந்த ஆசை சுலபத்தில் நடப்பதில்லை. ரிஷிவந்தியம் போனபோது கோயில் நடை சாத்தியிருந்தது. வெளியே உட்கார்ந்து வெயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். நைனார்பாளையத்தில் பஸ் பழுதாகி நின்றது. நிழலுக்கு ஒதுங்கிய மளிகைக் கடையில் அந்தக் கடைக்காரம்மா தன் மருமகளின் வண்டவாளம் முழுவதையும் என் காதில் கொட்டினாள். சின்னசேலத்தில் ரயிலைப் பார்த்ததும் ஏறி, சேலம் வரை நின்றுகொண்டே போய், குடையைத் தொலைத்தேன். ஆனாலும் அந்த ரயிலின் வாசல் காற்றில், யாருக்கும் நான் யார் என்று தெரியாமல் நின்ற நேரம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா! அதற்காக இன்னும் நாலு குடையைத் தொலைக்கலாம்.

போன ஆவணியில் முதலில் நகர்ந்தது கச்சிராயபாளையம் பஸ். அங்கே இறங்கினால் வெள்ளிமலைக்குப் போகும் வண்டி நின்றுகொண்டிருந்தது. கல்வராயன் மலை என்றால் சும்மாவா! ஏறிவிட்டேன். வளைவுகளில் காது அடைத்தது, காற்று குளிர்ந்தது. கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா?"

"வண்டி போற வரைக்கும்."

"யார் வூட்டுக்கு?"

"யார் வூட்டுக்கும் இல்ல."

"திரும்பறது எப்படி?"

"அதுக்கு இன்னா இப்ப, பாத்துக்கலாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார். நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் ஓர் ஓடை பாறைகளுக்குள் நுழைவது தெரிந்தது. "இங்கயே நிறுத்துங்க" என்று எழுந்தேன். இறங்கும்போது கண்டக்டர் பின்படிக்கட்டுப் பக்கம் திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னது காதில் விழவில்லை. பின்படி வழியாக ஒரு பெண்ணும் இறங்கினாள். முப்பது வயதிருக்கும். தலையில் ஒரு மளிகை மூட்டை.

"தண்ணி விழற எடம் எங்கம்மா இருக்குது?" என்று கேட்டேன்.

"இப்படியே எறங்கினா வரும். தனியா இன்னாத்துக்குக்கா?"

"சும்மாதான்."

"சும்மாவா?" என்றாள். அவள் முகம் சரியில்லை. "வூட்ல எதனா சண்டையா?"

எனக்குச் சுருக்கென்றது. சண்டை போட நேரம் ஏது எனக்கு! "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று நடந்தேன். கூடவே வந்தாள். "புள்ளைங்க இருக்குதா? எத்தினி பேரு? படிக்குதா?" கேள்வி மேல் கேள்வி. மலையேறி வந்தாலும் என் கடைக் கவுன்டர் என்னை விடாது போலிருக்கிறதே என்று நொந்துகொண்டேன். வழியில் இருந்த அவள் வீட்டுக்குள் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்து, சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். எரிச்சல் எரிச்சலாகவே இருந்தது. சோறு தேவாமிர்தமாக இருந்தது. இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன். நான் வாங்கி வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்து அவள் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

சாப்பிட்டதும் ஓடையோரம் இருந்த ஒரு பாறைக்குப் போனேன். ஓடை அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டு போய் அப்பால் பள்ளத்தில் விழுந்தது. சத்தம் மட்டும் கேட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன், பக்கத்தில் பையை வைத்தேன், காலைத் தண்ணீருக்குள் விட்டேன். அப்பாடா! திரும்பினால் அவள் நிற்கிறாள். என் செருப்பு அவள் கையில்.

"அத எதுக்கும்மா எடுக்கற?"

"இங்க வெக்காதக்கா. நான் வெச்சிருக்கேன்."

எனக்கு வந்ததே கோபம். "இந்தா பாரும்மா, நீ நல்லவதான், சோறு போட்ட, மறக்க மாட்டேன். ஆனா எனக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும். அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது. "சரி. மேல எங்க கொல்லையில களை எடுக்கணும். அங்கேர்ந்து கூப்டுவேன். இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்" என்றாள். செருப்பை மட்டும் தரவில்லை. கையோடு கொண்டுபோய்விட்டாள்.

கொல்லை என்று அவள் சொன்ன வயல் புதர்களுக்கு அந்தப் பக்கம். ஆள் தெரியாது, குரல் கேட்கும். கொஞ்ச நேரத்தில் "அக்கோவ்!" என்றாள். "இருக்கேன்!" என்றேன். தண்ணீரில் பொடி மீன்கள் என் பாதத்தைக் கொத்திப் பார்த்தன. மனம் அப்போதுதான் படியத் தொடங்கியது. மறுபடியும் "அக்கோவ்!" "இருக்கேன்மா!" பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஒரு தடவை பதில் சொல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? பேசாமல் இருந்தேன். மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

புதர் முறியும் சத்தம் கேட்டது. களைக்கொத்தைக்கூடக் கீழே போடாமல் ஓடிவந்தாள். பாறையின் ஈரத்தில் வழுக்கி முட்டிபோட்டு விழுந்தாள். விழுந்தபடியே என்னைப் பார்த்தாள். நான் காலைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வாயில இன்னா வெச்சிருக்க? கூப்டறது காதுல வுழுல?" என்று கத்தினாள். கத்திவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். முட்டியில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. துண்டை நனைத்துத் துடைத்தேன். அழுகை அடங்கியபிறகு சொன்னாள்.

"போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு. உன்ன மாதிரியேதான், ஒரு பையி, ஒண்டியா. இன்னாம்மான்னு கேட்டேன். சும்மான்னு சொல்லிச்சு. தனியா இருக்கணும்னு சொல்லிச்சு. சரி, இருக்கட்டும், பாவம்னு வுட்டுட்டுக் களை எடுக்கப் போய்ட்டேன். ஒருவாட்டி கூப்ட்டிருக்கலாம்க்கா. கூப்டல. வந்து பாத்தா, செருப்பு மட்டும் ஜோடியா இருந்துச்சு."

எனக்கு எல்லாம் விளங்கியது. கண்டக்டரின் பார்வை, பின்படிப் பக்கம் திரும்பி அவர் இவளிடம் சொன்னது, அவரிடம் நான் திமிராகச் சொன்ன பதில், அணைத்த போன். எதையெல்லாம் என் சுதந்திரம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேனோ, அதையெல்லாம் இவர்கள் வேறு மாதிரி படித்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. வீம்புக்கு நான் வாயை மூடியிருந்த அந்த ஒரு நிமிஷம் இவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே துண்டை மறுபடி நனைத்து அவள் முட்டியில் வைத்தேன்.

"நீ அதுக்கு வரலல்ல?" என்றாள்.

"சத்தியமா இல்லம்மா. ஊர் சுத்த வந்தேன்."

"இதுவா ஊர் சுத்தறது? ஜனங்களோட, சோத்து மூட்டையோட, சத்தமா பாட்டு போட்டுக்கினு வருவாங்க. உம்மூஞ்சி அப்படியா இருந்துச்சு?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சும்மா இருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். களை பாதியில் கிடந்தது. "மூணு மணிக்கு வண்டி. அதுவரைக்கும் நிம்மதியா உக்காருக்கா. இனிமே கூப்ட மாட்டேன்" என்றாள். நொண்டிக்கொண்டே புதர்களுக்கு அந்தப் பக்கம் போனாள்.

சொன்னபடியே கூப்பிடவில்லை. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. கொல்லையில் களைக்கொத்து மண்ணைக் கொத்தும் சத்தமும் வரவில்லை என்பதைக் கவனித்தேன். எழுந்து நின்று, அந்தப் பக்கம் பார்த்து, அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"இருக்கேன்மா!"

"ஆங்!" என்றாள் உடனே. குரல் கொல்லையிலிருந்து வரவில்லை. பக்கத்துப் புதருக்குப் பின்னாலிருந்து வந்தது.