சௌந்தரி ஏன் எண்ணுகிறாள்?

ஞானசௌந்தரிக்கு ஊர் சுற்ற ஆசை. வாய்த்த வேலையோ ஒன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஊர் ஊராக வரும் குரல்களைக் கேட்பது.

மேற்குத் தாம்பரத்தில் தயாளன் சார் நடத்திய கம்பெனியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். ஃபிரிட்ஜ் கதவின் உள்விளிம்பில் ஒரு ரப்பர் பட்டை ஓடுமே, கேஸ்கெட் என்பார்களே, அதைச் சிங்கப்பெருமாள் கோவில் தொழிற்சாலையில் செய்து மெக்கானிக்குகளுக்கு அனுப்பினார்கள். ஆர்டர் எல்லாம் போனில்தான். கூப்பிடும் மெக்கானிக்குகள் பெயர் சொல்லவே வேண்டாம். "ஹலோ" என்ற ஒரு சொல்லில் ஆளைப் பிடித்துவிடுவாள். "என்ன ஹனீஃபா பாய், பொழிச்சலூர்ல மழையா?" என்பாள். நலம் விசாரித்து, வீட்டுக் கதை கேட்டு, பிறகுதான் ஆர்டர் பிரிவுக்கு லைன் போகும். டீ குடிக்க எழுந்தால்கூட அந்த இடத்தில் யாரையாவது உட்கார வைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். அவளுடைய மிக நீண்ட பயணம் சிட்லபாக்கம் வீட்டிலிருந்து ஆபீஸ் வரை.

2006 தொடக்கத்தில், வெளியூர் போய் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அன்று மத்தியானமே சௌந்தரி முதலாளியின் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், அந்த வேலையை எனக்குக் குடுங்க."

"உனக்கா? விழுப்புரம், கடலூர்னு பஸ்ல அலையணும்மா."

"அலையத்தான் சார் கேக்கறேன்."

தயாளன் சிரித்தார். "சரி. நீ போயிட்டா போனை யார் எடுப்பா?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், பிராட்பேண்ட் கனெக்‌ஷன் சரிபார்க்க வந்த பம்மல் அசாரிடம் கிடைத்தது. "அக்கா, இப்பல்லாம் போன் பேசறதே இன்டர்நெட்லதான்" என்றான் அசார். ஆபீஸிலும் தொழிற்சாலையிலும் புதுப் போன்களை இன்டர்நெட் லைனில் மாட்டினால் போதும், ஒரு கம்ப்யூட்டரே எக்ஸ்சேஞ்ச் ஆகிவிடும், சிங்கப்பெருமாள் கோவிலோடு பேசுவது பக்கத்து அறையோடு பேசுவது போல இருக்கும் என்று விளக்கினான். வெளியிலிருந்து வரும் அழைப்பையும் அதே கம்ப்யூட்டர் எடுக்கும். பதிவு செய்த குரல் வணக்கம் சொல்லி, ஆர்டருக்கு ஒன்று, டெலிவரிக்கு இரண்டு, புகாருக்கு மூன்று என்று வழிகாட்டும்.

தொழிற்சாலை சூப்பர்வைசர் லோகநாதனுக்குச் செய்தி எட்டியதும் அவர் போனில் கத்தினார். "ஏம்மா, உன் சீட்டுக்கு நீயே வேட்டு வெக்கிறியா?"

"வெச்சாத்தானே சார் எழுந்திருக்க முடியும்?"

புது ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்கத் தயாளன் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் ஆர்டர் குறையாவிட்டால் வெளியூர் வேலை அவளுக்கு. குறைந்தால் பழைய டெலிபோன் போர்டை மாட்டிவிட்டு, பழைய நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். ஒரு நிபந்தனையும் போட்டார்: "குரல் உன்னோடதா இருக்கட்டும். ஜனங்களுக்குப் பழக்கமான குரல்."

பக்கத்து விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் தலைக்கு மேலே கடந்து போகும்வரை காத்திருந்து, ஸ்டேஷனரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சௌந்தரி பேசிப் பதிவு செய்தாள். குழைவாக, அழகாக வந்திருந்தது.

திங்கட்கிழமை ஆர்டர் பிரிவில் போன்கள் ஊமையாகக் கிடந்தன. பதினோரு மணிக்குள் ஏழு அழைப்பு. வழக்கமாக நாற்பதைத் தாண்டியிருக்கும். தயாளன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அசார் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். "அக்கா, கால் நெறைய வந்திருக்கு. யாரும் நம்பர் அமுக்கல. அமுக்கலேன்னா மெசேஜ் பெட்டிக்குப் போயிடும். முப்பத்தெட்டு மெசேஜ் இருக்கு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் மெசேஜைக் கேட்டாள். ஹனீஃபா பாய்.

"சௌந்தரிம்மா, நான்தான். இன்னா, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிகினு கீற? ஸ்டாக் எடுக்கிறியா? சரி, எண்ணி முடி. நான் லைன்லயே கீறேன்." பிறகு நீண்ட மௌனம். ஒரு இருமல். "இன்னும் முடியலியா?"

அடுத்தவர் கடலூர்க்காரர். அவர் ஆர்டரையே ஒப்பித்திருந்தார். அதற்கடுத்தவர், "என்னம்மா, பேசிக்கிட்டே இருந்த, பட்டுனு வாயை மூடிக்கிட்டியே, கோவமா?" என்று கேட்டு, செய்யாத தப்புக்கு மன்னிப்பும் கேட்டிருந்தார்.

சௌந்தரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு முப்பத்தெட்டு பேரையும் ஒருவர் விடாமல் திருப்பிக் கூப்பிட்டு ஆர்டரை எழுதிக்கொண்டாள்.

"பாய், காலைல பேசினது நான் இல்ல, மெஷின்."

"காதுல பூ சுத்தாத. உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

"குரல் என்னுதுதான். நான்தான் அங்க இல்ல."

"நீ இல்லாம உன் கொரலு மட்டும் வர்றதுக்கு நீ இன்னா ஆவியா?"

ஆவி என்றதும் அவளுக்குப் பிடிபட்டது. மெஷினில் கோளாறு இல்லை. தெரிந்த குரல் கேட்டால் இவர்கள் பேசத்தான் செய்வார்கள். பேசவே தோன்றாத ஒரு குரல் வேண்டும். அப்படி ஒரு குரல் கம்பெனியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். "லோகநாதன் சார், கம்பெனி வாசல்ல நிக்கிற குரல் கம்பீரமா இருக்கணும். உங்களை விட்டா யார் சார்?"

ரப்பர் அச்சு இயந்திரங்களின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி, நிம்மதியான நேரத்தில்கூட அதட்டலாகவே பேசிப் பழகியவர் லோகநாதன். அவரிடம் லைன் போனால் மெக்கானிக்குகள் பாதிப் பேச்சில் வைத்துவிடுவார்கள். அவருக்கோ, கேட்டதில் உச்சி குளிர்ந்துபோனது. அங்கிருந்தபடியே புதுப் போனில் பேசினார். "வணக்கம்! ஆர்டருக்கு ஒன்று! டெலிவரிக்கு இரண்டு! புகாருக்கு மூன்று!" மூன்றாவதைச் சொல்லும்போது, புகார் இருந்தால்தான் சொல்லிப் பாரேன் என்பது போல இருந்தது.

அன்று பத்து மணியிலிருந்து ஆர்டர் பிரிவுப் போன்கள் ஓயவில்லை. லோகநாதன் இரண்டுக்கு வருவதற்குள் எல்லோரும் ஒன்றை அமுக்கிவிட்டார்கள்.

"வூட்டு ஓனர் மாதிரி அதட்டறான்மா" என்றார் ஹனீஃபா பாய், வெள்ளிக்கிழமை அவள் விசாரித்தபோது. "பேஜாரா பூட்ச்சி. கை தானா அமுக்கிச்சி."

சனிக்கிழமை சாயங்காலம் சௌந்தரி கொண்டுபோய் நீட்டிய தாளைத் தயாளன் பார்த்தார். போன வாரம் இருநூற்று அறுபது ஆர்டர். இந்த வாரம் இருநூற்று எழுபத்தொன்று.

"குரலை மாத்திட்டியே?"

"என் குரலைக் கேட்டா அவங்களுக்குப் பேசத் தோணுது சார். அவர் குரலைக் கேட்டா வேலை முடிஞ்சாப் போதும்னு தோணுது."

"அவன்கிட்ட இதைச் சொல்லிடாதம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எப்ப கிளம்பற?"

"திங்கக்கிழமை காலைல சார். விழுப்புரம்."

ஞாயிற்றுக்கிழமை அசாரை வரவழைத்து இன்னொன்றையும் கற்றுக்கொண்டாள்: இன்டர்நெட்டும் ஹெட்போனும் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரிலும் ஆபீஸில் தன் எக்ஸ்டென்ஷனான இருபத்தொன்றைத் திறந்துகொள்ளலாம். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு, விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தொழிற்சாலையைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, இருபத்தொண்ணுன்னு உன் நம்பர் காட்டுது?" என்றார் லோகநாதன். "வெளியூர் போறேன்னாங்க, இன்னும் சீட்டுலதான் இருக்கியா?"

"சீட்டுலதான் சார் இருக்கேன். சீட்டுதான் விழுப்புரத்துல இருக்கு. எழுதிக்குங்க, நூத்தி அறுபத்தஞ்சு லிட்டர், ஒத்தக் கதவு, சாம்பல் கலர், மூணு டஜன். சீக்கிரம் சார், நான் அடுத்த கடைக்குப் போகணும்."