ஒற்றை ஆளுக்கு ஒரு சாண்டர்

என் வலது மணிக்கட்டு அரத்தைப் பிடிக்க மறுத்த வருஷம்தான் சாண்டர் மெஷின் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தேன். பெல்ட் சாண்டர் என்பார்கள். சாண்ட் பேப்பரை நீளப் பட்டியாக ஒட்டி இரண்டு உருளைகளில் மாட்டியிருக்கும். மோட்டார் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அரத்தால் ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்க்கிறதை அது தேத்தண்ணி ஆற முன்னம் தேய்த்துவிடும். தளபாடம் செய்கிறவர்கள் வைத்திருப்பார்கள். எனக்கு அது வில்லு செய்ய வேண்டியிருந்தது.

நான் தச்சுவேலை படித்தவளில்லை. திருகோணமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். கடற்படைத் தளத்தை விட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கொடுத்த இரண்டு வில்லுகள் சாமான் அறையில் கிடந்தன. அவற்றை வைத்து மேல்வகுப்புப் பிள்ளைகளை எய்யப் பழக்கினேன். ஒரு நாள் ஒன்று முறிந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. முறிந்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சவண்டலைப் பலகையில் நானே ஒன்று செய்து பார்த்தேன். வண்டில் செய்கிறவர்கள் விரும்புகிற மரம். வளைந்து கொடுக்கும், இலேசில் முறியாது. முதல் வில்லு அடுப்புக்குப் போனது. இரண்டாவதும் போனது. அதற்குப் பிறகு செய்தது எய்தது.

அந்த நாளில் நான் தனியாக இருக்கவில்லை. உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டை நானும் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு ரீச்சரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். இரண்டு பேரும் கலியாணம் செய்யவில்லை. அதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு அவள்தான் பதில் சொல்வாள்; எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பின்னேரங்களில் குசினிக்குப் பின்னால், வேப்பமர நிழலில் நான் அரத்தால் தேய்ப்பேன். அவள் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். வில்லின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைய வேண்டும். ஒரு பாதி விறைப்பாக நின்றால் மற்றப் பாதிதான் பாரம் சுமந்து முறியும். நான் நாணை இழுக்க அவள் எட்ட நின்று பார்ப்பாள்; அந்த வித்தியாசம் என் கண்ணுக்குப் பட முன்னம் அவளுக்குப் பட்டுவிடும்.

"இடப்பக்கம் இன்னும் விறைப்பு. நீர் அவசரப்படாதேயும்," என்பாள்.

லண்டனில் இருந்த அவளுடைய அண்ணன் கூப்பிட்டார். போவதா விடுவதா என்று ஒரு மழைக்காலம் முழுக்கக் கதைத்தோம். கடைசியில் போனாள். ஸ்டேஷனில் ரெயில் நகரும்போது "வாறன்" என்றாள். போறன் என்று சொல்லக் கூடாதென்பதால் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அது தெரிந்தும் நான் "ஓம், வாரும்" என்றேன்.

அதற்குப் பிறகு கன நாள், தேய்க்கிறதை இடையில் நிறுத்திவிட்டு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குத் தேவையான வில்லுகள் எல்லாம் இருந்தன. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு அந்த வீட்டில் செய்ய எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை. மணிக்கட்டு வீங்கிய பிறகு டாக்டர், அரத்தைத் தொடவே கூடாதென்றார்.

ஜப்பான் சாமான்கள் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த நேரம். நகரில், சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் மெஷின் கடை ஒன்று இருந்தது. புதுச் சாமானும் இருக்கும், துறைமுகத்துப் பழைய சாமானும் இருக்கும். பாதி சீவிய வில்லு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாங்க முன்னம் மரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கொண்டக்டர் வில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார்.

கடைக்காரர் கிண்ணியா முஸ்லிம்; அண்ணன் என்கிற மாதிரி எல்லோரும் அவரை 'நானா' என்போம். அவருடைய மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"வாங்க ரீச்சர். ஆருக்கு மெஷின்?"

"எனக்குத்தான் நானா."

"அந்தக் கம்பு?"

"வில்லு. இன்னும் முடியேல்ல."

"நாடகத்துக்கா?"

"இல்லை, எய்யிறதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. வில்லை வாங்கி முழங்காலில் வைத்து மெதுவாக அமத்திப் பார்த்தார். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் காட்டியது பெரிய இரும்பு மெஷின், வெள்ளைக்காரன் காலத்தது. பட்டி இரண்டு சாண் அகலம். அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. ஆனால் அது மூன்று பேஸ் கரண்டில் ஓடுவது. வீட்டு லைனில் ஓடாது. சீமெந்துக் கட்டுப் போட்டு அதன்மேல் இருத்த வேண்டும். வாடகை வீட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

இரண்டாவது ஜப்பான்காரன் செய்தது, கையில் பிடிக்கிறது. பெட்டி பிரிக்காத புது மெஷின். எனக்காகப் பிரித்தார். கைக்குழந்தையின் பாரம் இருந்தது. ஒரு பலகையில் வைத்து ஓட்டிக் காட்டினார். பலகை கண்ணாடி மாதிரி வந்தது. என் வில்லில் வைத்தபோது மெஷின் துள்ளியது. வில்லின் முதுகு நேராக இருக்காது, மரத்தின் ஓட்டத்தோடு ஏறி இறங்கும். மெஷினின் அடியோ தட்டை. அதோடு அதை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பிடித்த கொஞ்ச நேரத்திலேயே என் மணிக்கட்டு அதிரத் தொடங்கியது.

அவர் மெஷினை நிறுத்தினார்.

"இதுக்கு மரத்தை ஓராள் அமத்திப் பிடிக்கோணும். வீட்டில மற்றப் பக்கம் ஆர் பிடிக்கிறது?"

"ஆளில்லை," என்றேன்.

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். தனியாகவா இருக்கிறீர்கள், துணைக்கு ஆரையும் வைக்கலாமே என்று. எல்லோருக்கும் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். ஒரு மெஷின் கடையில் நின்றுகொண்டு அந்த ஒரு சொல்லைச் சொன்னதும், வில்லின் முனையைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அவர் புது மெஷினைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "அப்ப இது ஒங்களுக்குச் சரிவராது ரீச்சர்," என்றார். பின்பக்கம் போய்ச் சாக்கு மூடியிருந்த ஒன்றைத் தூக்கி வந்தார். ஏதோ கப்பலில் இருந்து இறங்கிய பழைய சாமான். நாலு விரல் அகலப் பட்டி, சின்ன மோட்டார், மேசையில் திருகாணி போட்டு இறுக்குவது. மெஷின் அசையாது, மரத்தைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டும். உருளைகளுக்கு நடுவில் பட்டி சற்றுத் தளர்ந்து ஓடியதால் வில்லின் வளைவுக்கு இடம் கொடுத்தது. நானே பிடித்துப் பார்த்தேன். இரண்டு கையும் மரத்தில் இருந்தன. மணிக்கட்டு மடங்க வேண்டியிருக்கவில்லை.

"இந்த அளவுப் பட்டி கிடைக்குமா?"

"கிடையாது. துணி ஒட்டின சாண்ட் பேப்பரை வாங்கி, வெட்டி, சரிவா ஒட்டுங்க. எப்படியெண்டு காட்டித் தாறன்."

கணக்கு ரீச்சர் கொப்பி திருத்துகிற மேசையில்தான் அதைப் பூட்டினேன். மேசையில் துளை போடும்போது மனம் சங்கடப்பட்டது. ஆனால் வீட்டில் வேறு பலமான மேசை இல்லை. முதல் நாளே அந்தக் கப்பல் மெஷின் ஒரு வில்லைத் தின்றுவிட்டது. கை கொஞ்சம் தாமதித்த இடத்தில் பள்ளம் விழுந்து, நாண் பூட்டியதும் அந்த இடத்தில் முறிந்தது. தேய்ந்த பட்டியைப் போட்டு, மரத்தை நிறுத்தாமல் இழுக்கப் பழகினேன். வளைவைப் பார்க்கவும் ஒரு வழி கண்டுபிடித்தேன். வில்லைச் சுவரில் மாட்டி, நாணில் கயிறு கட்டி, கீழே ஒரு கப்பியூடாக எடுத்து, எட்ட நின்று இழுத்தால் இரண்டு பாதியும் வளைகிறது தெரியும். அவள் நின்று பார்க்கிற தூரத்தில் நானே நின்று பார்த்தேன். கன தரம் பிழையாகத்தான் பார்த்தேன்.

சத்தம் பெரிய சத்தம். பக்கத்து வளவில், சல்லி என்கிற கரையோரக் கிராமத்தில் இருந்து கலியாணம் செய்து வந்த பெண் இருந்தாள். புருஷன் கடலுக்குப் போகிறவர். வேலியடிக்கு வந்து சொன்னாள்.

"ரீச்சர், பிள்ளை நித்திரை. அந்த மெஷினைக் கொஞ்சம் பிந்திப் போட ஏலாதா?"

அதற்குப் பிறகு பிள்ளை எழும்பிய சத்தம் கேட்டுத்தான் மெஷினைப் போடுவேன். மற்றபடி எங்களுக்குள் பெரிய கதை இல்லை.

அடுத்த மாரியில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. எழும்ப ஏலாமல் கிடந்தேன். ஒரு பின்னேரம் பக்கத்து வளவுப் பெண் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் கஞ்சிக் கோப்பை.

"ரெண்டு மூண்டு நாளா மெஷின் சத்தம் கேக்கேல்ல. என்னவோ எண்டு வந்தனான்."

கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்து, நான் குடித்து முடியும்வரை இருந்தாள். பிறகு பிள்ளை அழ, போய்விட்டாள்.

சுகமான பிறகு அந்த மெஷினில் இன்னும் பல வில்லுகள் செய்தேன். சில நல்லவை. மரம் கிடைக்காத நாட்களும் இருந்தன. அப்படியான பின்னேரங்களில், பிள்ளை எழும்பிய சத்தம் கேட்ட பிறகு, வெறும் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருக்கிறேன்.