நடுவில் தூண் இல்லாத கூரை

இஸ்தான்புல்லில் மொட்டைத் தலையோடு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முடி நடும் சிகிச்சைக்காக எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆண்கள் இங்கே வந்து குவிகிறார்கள். மண்டையில் கட்டும் நெற்றியில் கறுப்புப் பட்டையுமாக டிராமில் உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் மொட்டை அடிக்கப் போனபோது சலூன்காரரும் "சாச் எகிமி?" என்றுதான் கேட்டார். முடி நடப்போகிறாயா என்று அர்த்தம். "பாபா" என்றேன். அவர்கள் பாஷையில் அப்பா. உங்கள் அப்பாவுக்கும் வழுக்கையா என்பதுபோலச் சிரித்துவிட்டு மெஷினை எடுத்தார். நான் திருத்தவில்லை. அன்று அப்பாவுக்குப் பதினாறாம் நாள். கச்சிராயபாளையத்தில் தம்பி மொட்டை போட்டுக்கொண்ட அன்றே நானும் இங்கே போட்டுக்கொண்டேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இங்கே ஓர் இந்திய உணவகத்தில் எனக்குச் சமையல் வேலை. தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. ஊருக்குப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை, அதனால் போகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அப்பாவும் நானும் ஐந்து மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

சண்டை ஒரு தூணால் வந்தது. அப்பா கொத்தனார். ஊரில் நாங்கள் கட்டும் வீட்டு போர்டிகோவின் நட்டநடுவில் ஒரு தூண் எழுப்பினார். கார் நிறுத்த இடைஞ்சல், எடுத்துவிடுங்கள் என்றேன். கார் இன்னும் வாங்கவில்லை, அது வேறு விஷயம். "அவ்ளோ அகலம் தாங்காதுடா" என்றார். நான் விடவில்லை. உணவகம் இருக்கும் தெருமுனையில்தான் நீல மசூதி. ஒரு நாளும் உள்ளே போனதில்லை, ஆனாலும் நெட்டிலிருந்து அதன் உட்புறப் படத்தை எடுத்து அனுப்பினேன். "நானூறு வருஷமா நிக்குது. நடுவுல தூணு எங்க இருக்கு, காட்டுங்க."

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"நடுவுல இல்ல, சரி. சுத்தி நாலு நிக்குதே, அதுங்க இன்னா கனம்? கட்டிப்புடிச்சு எத்தினி பாகம்னு அளந்து சொல்லு. அப்புறமா பேசலாம்."

இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்குக் கச்சிராயபாளையத்த விட்டா இன்னா தெரியும்?" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் கடைசிப் பேச்சு.

நேற்று விடுமுறை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நீல மசூதிக்குள் போனேன். எதிரே நிற்கும் ஹாகியா சோஃபியா இதைவிட ஆயிரம் வருஷம் மூத்தது, தேவாலயமாகக் கட்டியது. அதன் பெரிய குவிமாடத்தை இரண்டு பக்கம் அரைக் குவிமாடங்கள் தாங்குகின்றன. துருக்கிக் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் இங்கே நான்கு பக்கமும் அரைக் குவிமாடம் வைத்துவிட்டார்கள். பாரம் படிப்படியாக இறங்கி நான்கு தூண்களுக்கு வருகிறது. மேலே நீல ஓடுகளும் ஜன்னல் வெளிச்சமுமாக இருந்ததால், கூரை அந்தரத்தில் நிற்பதுபோலத்தான் தெரிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தூணைத் தேடினேன்.

யானைக்கால் என்று இவர்கள் அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். பின்பக்கத் தூணில் நெஞ்சை ஒட்டிக் கைகளை விரித்தேன். ஒன்று. விரல் நுனி பட்ட இடத்துக்கு நகர்ந்தேன். இரண்டு. காவலாளி ஓடிவந்து "யோக், யோக்" என்றார். தூணைக் கும்பிடக் கூடாது என்று, மேலே கையைக் காட்டிப் புரியவைத்தார். அளக்கிறேன் என்று சொல்ல எனக்கு அவர் பாஷை வரவில்லை. "பாபா" என்றேன். என் மொட்டையைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, போய்விட்டார்.

ஒன்பது பாகம், இன்னும் கொஞ்சம் மிச்சம்.

அப்பா சொன்னது சரிதான். நடுவில் இல்லாத கனமெல்லாம் இங்கே வந்து நிற்கிறது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

வெளியே வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. "அத்த வுடுண்ணா. போர்டிகோ தூண இன்னா பண்றது? வேணாம்னு சொல்லிக்கினே இருந்தியே. ஒட்சிட்டு பீம் போட்டுடலாமா?"

சாவு அன்று, நான் வீடியோ காலில் பார்ப்பதற்காக, தம்பி போனை அந்தத் தூணில்தான் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். எதிரே ஃப்ரீசர் பெட்டியில் அப்பா. வந்தவர்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு, தம்பியின் கையைத் தொட்டுத் துக்கம் கேட்டார்கள். நைனார்பாளையத்துப் பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்து, "பெரியவன் வர்லியா?" என்றார்.

"தோ, தூண்ல கீறாம் பாரு" என்றான் தம்பி.

பெரியப்பா வந்து, என் முகத்துக்குக் கீழே, தூணைத் தொட்டுவிட்டுப் போனார்.

"ஒடைக்காதடா" என்றேன்.